எங்கள் ஐந்து பேர்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. காலை ஆறு மணிக்கே கொச்சி கார்ப்பரேஷன் துப்புரவு டூட்டி. சந்தைப் பக்கத்து ஓடை அடைத்துக்கொண்டது, பதினொன்று வரை அதிலேயே. கால் விரல்கள் ஊறி வெளுத்திருக்கின்றன.

பிறகு தங்கை தேவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்ட்ரோக் வந்து நான்காவது வாரம். வலது கை மெல்லத் திரும்புகிறது. பேச்சு இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, வாயில் ஒன்றும் எழவில்லை. தெரபிஸ்ட் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். குடை. பசு. தக்காளி. தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தேவி சேச்சிக்கு என்ன இஷ்டம்? சினிமா? பாட்டு?"

"பாஸ்கெட்பால்" என்றேன்.

தெரபிஸ்ட் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள். "எங்கில் அதையே எழுதிக் கொண்டுவாங்க. இஷ்டப்பட்ட களிக்காரங்க பேரெல்லாம்." அப்படியானால் பிடித்த ஆட்டக்காரர்களை எழுதச் சொல்கிறாள்.

வாங்க: பி.பி. மாத்திரை, துணி சோப்பு, ரப்பர் செருப்பு.

ஜூன் 10, செவ்வாய்
எழுதிவிட்டேன். எல்லாக் காலத்திலும் எங்களுக்குப் பிடித்த ஐந்து பேர். ஸ்கூல் டீமில் ஆடும்போதே நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள்தான். டிவியில் பார்த்த அமெரிக்க ஆட்டக்காரர் பெயர்கள் அப்போது வாயில் நுழையவில்லை.

1. கொக்கு. அசையாமல் நிற்பான். பந்து வந்தால் ஒரே கொத்து.
2. ஸ்கூட்டர். குள்ளன். பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போவதுபோலப் போவான்.
3. சாமியார். ரெஃப்ரி என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசமாட்டான்.
4. அம்மிணி. பெண்கள் லீக். இவளைப் பார்த்துத்தான் தேவி இடது கையாலும் போடப் பழகினாள்.
5. மதில். இவனைத் தாண்டி ஒருவனும் போகமுடியாது.

ஐந்தாவது என்னுடையது. தேவிக்கு அந்த இடத்தில் பட்டாசு வேண்டும். பாதிக் கோர்ட்டிலிருந்தே எறிகிறவன், போட்டதும் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவன். இருபது வருடச் சண்டை. எழுதுகிறவள் நான், அதனால் மதில்.

காட்டினேன். ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினாள். சத்தம் வரவில்லை. இடது கையால் பென்சிலை எடுத்து மதிலை அடித்தாள். தாள் கிழிந்தது. வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். ஐந்தாவது மறுபடி மதில்.

ஜூன் 12, வியாழன்
தெரபி. "க்..." வரைக்கும் வந்தது. கொக்கு வரவில்லை. முக்கால் மணி நேரம். முடியும்போது அவள் நெற்றியெல்லாம் வேர்வை.

திரும்பும் பஸ்ஸில் அழுதாள். பக்கத்து சீட்டு அம்மா "எந்து பற்றி மோளே?" என்றாள், என்ன ஆயிற்று மகளே என்று. தேவி வாயைத் திறக்கும் முன்னே நானே எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு தேவி தோளிலேயே தூங்கிவிட்டேன். ஃபோர்ட் கொச்சி போனபிறகுதான் விழிப்பு. நம் ஸ்டாப்பில் கிள்ளி எழுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. கையில் சிவந்திருக்கிறது.

ஜூன் 14, சனி
இடப்பள்ளி ஜவுளிக்கடை மேனேஜர் போன். தேவிக்குப் புடவை செக்‌ஷன், பதினொரு வருட சர்வீஸ்.

"பேச முடியாத ஆளை கஸ்டமர் முன்னாடி எப்படி நிறுத்துவேன் சேச்சி? கோடவுன்ல துணி மடிக்கிற வேலை உண்டு. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். யோசிக்கவே இல்லை. தேவி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சாயா வைத்துக்கொடுத்தேன். தொடவில்லை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்த நாலு வாரமாக வீட்டில் சத்தம் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான், அதில் பேசுகிறவள் அவள்தான். டூட்டி முடிந்து வந்தால் கதவு திறக்கும் முன்னே தொடங்குவாள். இப்போது அமைதி. எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அவ்வளவு களைப்பு.

ஜூன் 16, திங்கள்
லீவு. முதுகு நிமிரவில்லை. காலையில் போனில் மேட்ச். தேவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக இந்தப் பக்கமே வராதவள்.

ஒருவன் தூரத்திலிருந்து எறிந்தான். விழவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது: "பட்டாசு ஜாதி. வெறும் சீன். மதில் மாதிரி ஒருத்தன் உண்டா இன்னிக்கு?"

"போ...டி."

திரும்பிப் பார்த்தேன். அவளும் பயந்துபோய் வாயில் கை வைத்திருந்தாள். மறுபடி சொல்லு என்றேன். வரவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அழுதோம். மேட்சை யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்
தெரபிஸ்டுக்கு ஒரே சந்தோஷம். "திட்டுதான் பலருக்கும் முதல்ல வரும். இனி தேவிகிட்ட யார் கேள்வி கேட்டாலும் நீங்க பதில் சொல்லக்கூடாது சேச்சி. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூன் 18, புதன்
மழை கொஞ்சம் விட்டிருந்தது. மத்தியானம் தேவியிடம் கேட்டேன்: "கோடவுன் வேலைக்கு நான் சம்மதம் சொன்னது தப்பு. மேனேஜரைக் கூப்பிடட்டுமா? நீயே சொல்றியா?" வெகு நேரம் போனையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"தேவி, கோடவுன் ஓகே அல்லே?"

உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் இல்லை. "ஹலோ? ஹலோ?" என்றார் அவர். சொல் என் நாக்கு நுனியில் நின்றது. முந்தானையை வாயில் கடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது.

"வே... வேண்டா."

மேனேஜர், "சரி. செக்‌ஷன் பத்தி ஓணத்துக்கு முன்னாடி பாக்கலாம். உறப்பு சொல்லல்ல, கேட்டோ." எதற்கும் உறுதி இல்லை என்றுதான் அர்த்தம்.

போனை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. அவளே அணைத்தாள்.

நான் துணி ஊறவைக்கப் போனேன்.