பிரசாதத்தோடு போன பாடம்

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி தேசிக்குக்கு அக்கா சத்யபாமாவின் ஆசீர்வாதம்.

போன வருஷம் உன் பெண் ஸ்ம்ருதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். துவாக்குடியில் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாளே, அப்போது. வந்தவள் காலைக்கூட அலம்பாமல் சமையலறை வாசலில் நின்றாள். “அத்தை, நாள் பூரா குந்தி உக்காந்து வெல்டிங் பண்ணி ஒருத்தருக்குக் கழுத்தே திரும்பலை. சூப்பர்வைசர் என்னடான்னா, அவனுக்கு ஒழுங்கா உக்காரத் தெரியலைங்கறார். உக்காந்தவர் மேல தப்பா, இரும்பைத் தரையில போட்டவா மேல தப்பா?”

பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் காத்திருக்கவில்லை. இரும்பை வைக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு தாங்கி வரைந்துகொண்டு போய், முதலாளியிடம் பேசி, கழிவு இரும்பிலேயே செய்ய வைத்துவிட்டாள். “பாப்பா, இப்பத்தான் எதிர்ல இருக்கிறவன் மூஞ்சி தெரியுது” என்று அந்த மனிதர் சொன்னதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! உனக்கும் சொல்ல வந்தாளாம். மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாயாம்.

அன்றிலிருந்து அவளுக்கு எர்கோனாமிக்ஸ் என்றால் உயிர். வேலையை மனித உடம்புக்குத் தக்கபடி அமைக்கிற படிப்பு அது. இந்த செமஸ்டர் விருப்பப் பாடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். பிள்ளைகளோ, எந்த வாத்தியார் மார்க்கை அள்ளிப் போடுவார் என்று விசாரித்துத்தான் பாடம் எடுக்கிறார்கள். ஓட்டலுக்குப் போய், சாப்பாடு எப்படி என்று கேட்காமல் இலை எவ்வளவு பெரிசு என்று கேட்பது மாதிரி. ஸ்ம்ருதி கேன்டீனில் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்துப் பேசி ஆள் சேர்த்தாள். பத்தாவதாக, கடைசியாக வந்தவன் வையம்பட்டி ஜெயக்குமார். “நான் சேந்தப்புறம் நீயே நடுவுல கழண்டுக்க மாட்டியே?” என்றானாம். சத்தியமாக மாட்டேன் என்றாளாம்.

இனி எழுதப்போவதில் பாதி உனக்கே தெரியும்.

போன வாரம் நீ போன் செய்து, “அக்கா, பெருமாள் பிரசாதம் வாங்கி பராசரன் ஆத்துல குடுத்துடு. தெரிஞ்சவர், பாவம், கோயிலுக்கு வர முடியறதில்லை” என்றாய். அவர் ஸ்ம்ருதியின் துறைத் தலைவர் என்று தெரியும். உன் கல்லூரி சிநேகிதர் என்றும் தெரியும். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை. நெய் சொட்டச் சொட்டக் கோயில் அப்பமான செல்வரப்பம் வாங்கி, எச்சில் கை படக்கூடாதே என்று துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே தில்லைநகர் போனேன்.

பராசரன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே, “மாமி, தேசிக்கிட்ட சொல்லிடுங்கோ. அவன் கேட்டபடி கொழந்தையை டேட்டா அனலிடிக்ஸ் பாடத்துக்கு மாத்தியாச்சு. அவகிட்ட இப்போ சொல்ல வேண்டாம்” என்றார். காபி வந்தது. நான் தொடவில்லை.

ஒரு பேர் குறைந்ததும் எர்கோனாமிக்ஸ் வகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரை இடம் காலியிருந்த பாடங்களில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் ஸ்ம்ருதியே கழன்றுகொண்டாள் என்று நினைக்கிறார்கள். “என்ன மேடம், சத்தியம் சௌக்கியமா?” என்று ஜெயக்குமார் எல்லார் நடுவிலும் கேட்டிருக்கிறான். அவள் சொல்லியழுதபோதுதான், என் கை எதைச் சுமந்துகொண்டு போனது என்பதை அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “அப்பா எங்கிட்ட கேட்டிருந்தா நானே பேசியிருப்பேனே, அத்தை” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பையைத் துவைத்துத் துவைத்துப் பார்க்கிறேன், நெய் வாசனை போகவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை.

உன்னிடம் கேட்டதற்கு, “வெல்டிங் கொட்டகைல நிக்கறதுக்கா இவளைப் படிக்க வெச்சேன்?” என்றாய். டேட்டா அனலிடிக்ஸ் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. அவளே எடுத்திருந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் ஒரு பையனின் பரிட்சையை அவன் அப்பா வந்து எழுதிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்போம்? பள்ளியில் நாங்கள் அப்படிப்பட்ட பேப்பரை வாங்கிக்கொள்ளவே மாட்டோம். அதுவும் பெருமாள் பேரைச் சொல்லி, என் கையால் கொடுக்க வைத்து! தேசிக், தெருவில் மிதித்த அசிங்கத்தைக்கூட ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம்.

நேற்று ஸ்ம்ருதி பராசரனைப் போய்ப் பார்த்தாள். “உங்கப்பா சொல்லித்தாம்மா மாத்தினேன். அவனே சொன்னா திருப்பி மாத்தறேன், பத்துப் பேர் வந்தா வகுப்பும் நடக்கும்” என்றாராம். பாடம் மாற்ற மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது. மற்றவர்களிடம் அவளே போய் உண்மையைச் சொல்லப் போகிறாளாம். சொந்த அப்பாவைப் பற்றி அதைச் சொல்ல எவ்வளவு கூசும் என்று யோசித்துப் பார்.

நீ கெட்டவன் இல்லை. அவளுக்கு ஜுரம் என்றால் ஹைதராபாத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வருகிறவன் நீ. அந்த அப்பாவைத்தான் அவள் தேடுகிறாள். உனக்குப் பெருமாள் நல்ல புத்தியும் தீர்க்காயுசும் கொடுக்கட்டும்.

படித்து முடித்ததும் ஒன்று செய். இந்தக் கடிதத்தைத் தரையில் போட்டு, குந்தி உட்கார்ந்து, கையில் எடுக்காமல், முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படி. கழுத்து வலிக்கிற இடத்தில் எழுந்து பராசரனுக்குப் போன் செய்.

உன் அக்கா,
சத்யபாமா