மூன்றாம் மாடியில் வாசல் இல்லை

அக்கா,

இன்று காலை படிக்கட்டில் ஏறும்போது யார் வீட்டிலோ பட்டை, கிராம்பு வறுக்கிற வாசனை வந்தது. கொஞ்சம் தீய்ந்தும் விட்டது. நீ இருந்திருந்தால், "எவடி அவ, அடுப்பை மட்டா வைக்கத் தெரியாதவ?" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தியிருப்பாய். பிரியாணிக் கடைகளுக்கு மசாலா வறுத்து இடித்துக் கொடுத்தே தனியாளாய் வயிற்றைக் கழுவியவள் நீ. எனக்கு அந்த வாசனையில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் தெருவில் விடிந்ததும் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளிப்போம். நான் தெளித்துக் கோலம் போடுவேன். உன் வாசலில் கோலம் கிடையாது, ஆனால் தண்ணீர் உண்டு. பால் வாங்கப் போகிறவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போவாள். எந்த வாசலாவது காய்ந்து கிடந்தால் நேரே போய்க் கதவைத் தட்டிவிடுவாள். நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்த அன்று நீ அப்படித்தான் கதவை இடித்தாய். "வாசல் காஞ்சு கெடக்கு, உள்ள என்னாடி பண்ற?" நான் எழுந்து வந்து திறக்கும்வரை நீ இடிப்பதை நிறுத்தவில்லை. இப்படிப் பார்த்துக்கொள்வதற்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

குளத்துக் கரை உடைந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது, நீ உன் மசாலா டின்களை அப்படியே விட்டுவிட்டு வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாய். உன் உரல் போயிற்று, என் தையல் மிஷின் போயிற்று. ஆனால் மண்டபத்தில் தங்கவைத்தபோது தெரு முழுக்க அங்கே இருந்தது. குழாயடியில் சண்டை போட்டோம். அவர்கள் கொடுத்த சாம்பாரைக் குறை சொன்னோம். நீ எங்கிருந்தோ மல்லியும் மிளகாயும் வாங்கி வறுத்துப் போட்டு அதைச் சாப்பிடும்படி ஆக்கினாய். வீடு போன துக்கத்திலும் நம்மால் சிரிக்க முடிந்தது.

நம்மைப் பிரித்தது வெள்ளம் இல்லை அக்கா, குலுக்கல்தான். ரெட்டியார்சத்திரம் போகிற ரோட்டில் கட்டிவைத்த அடுக்குமாடிக்கு நம்மை அனுப்பும்போது, "பாரபட்சம் இருக்கக் கூடாதும்மா, சீட்டு எடுத்துக்கங்க" என்றார் அதிகாரி. டப்பாவுக்குள் கைவிட்டோம். எனக்கு முதல் கட்டடத்தில் கீழ்த்தளம் விழுந்தது. உனக்குக் கடைசிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. உன் பக்கத்து வீடுகளில் எல்லாம் வடமதுரைப் பக்கத்து ஜனங்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களையும் அவர்கள் தெருவிலிருந்து பிய்த்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

குடிபோன முதல் காலை நீ பழக்கத்தில் மூன்றாம் மாடி நடையில் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்தாய். அது படி வழியாக இறங்கிக் கீழ்வீட்டு அரிசிச் சாக்கை நனைத்தது. அந்த அம்மா விளக்குமாற்றோடு மேலே ஏறிவந்தாள். விசாரித்துப் பார்த்தால் எல்லாக் கட்டடத்திலும் நம் தெருப் பெண்கள் இதே வேலையைச் செய்திருந்தார்கள்! அதிகாரி வந்து சிரித்தார். "மாடியில ஏதும்மா வாசல்?" இனி யாரும் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் பக்கத்து வீட்டு வடமதுரைக்காரிக்கு அவள் சொந்தக்காரர்கள் இருக்கிற உன் மாடிக்குப் போக ஆசை. உனக்கு என் பக்கத்தில் வர ஆசை. யாருக்கும் நஷ்டமில்லாத மாற்றம். மூன்று பேரும் போய் அதிகாரி முன் நின்றோம். "ஆளாளுக்கு மாத்திக் கொடுத்தா குலுக்கல் எதுக்கு? வீடு கெடைச்சதே பெரிசு" என்றார். "சார், ஒங்க வீட்ல ராவுல ஒருத்தருக்கு முடியலன்னா மொதல்ல யாரக் கூப்புடுவீக?" என்று நீ கேட்டாய். அவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பிறகு நீ நெஞ்சு வலித்துச் செத்துப் போனாய். ஒருவருக்கும் தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. அங்கே எல்லாக் கதவும் சாத்தித்தான் இருக்கும். உன் வாசல் காய்ந்து கிடந்தது. அங்கே எல்லா வாசலும் காய்ந்துதான் கிடக்கும். மசாலா வாங்க வந்த கடைக்காரர் தட்டித் தட்டிப் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. உன்னைத் தூக்கிப்போகப் பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்குப் பெட்டி படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை. மாமன், மச்சான் என்று ஒருவரையொருவர் கூப்பிடும் நம் தெரு ஆம்பளைகள் எல்லாருமாகக் கையில் ஏந்தித்தான் உன்னை இறக்கினார்கள். இந்தக் கட்டடத்துக்குள் மனிதர் சாவார்கள் என்றுகூட அதைக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பேப்பரில் 'ஆதரவற்ற பெண்' என்று போட்டிருந்தார்கள். உனக்கா ஆதரவில்லை? ஒரு தெருவே இருந்ததே! அதைச் சீட்டுப் போட்டுக் கலைத்துவிட்டு, ஆதரவற்றவள் என்று எழுத எப்படி மனசு வந்தது?

போன வாரம் அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். இந்த முறை அன்பாகத்தான் பேசினார். "கேட்டிருந்தீங்கள்ல, அந்த மூணாம் மாடி வீடு இப்ப காலியாத்தான் இருக்கு. வேணும்னா மாத்திக்கங்க."

"நான் எப்ப சார் அந்த வீட்டக் கேட்டேன்? அந்த அக்காவத்தான கேட்டேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. நான் நிற்கவில்லை, வந்துவிட்டேன்.

இப்போது தினமும் விடிந்ததும் கட்டடம் கட்டடமாக ஏறி நம் தெருக்காரர்களின் கதவைத் தட்டுகிறேன். முழங்கால் வலிக்கிறது. "விடிஞ்சும் விடியாம எவ அவ?" என்று உள்ளே இருந்து திட்டுவார்கள். அந்தத் திட்டு வந்தால் போதும், அடுத்த கதவுக்குப் போய்விடுவேன். வடமதுரைக்காரர்களின் கதவையும் விடுவதில்லை.

நேற்று அசந்து தூங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு வடமதுரைக்காரி வந்து கதவை அப்படி இடித்தாள். திறந்தால், முகமெல்லாம் வேர்த்துப்போய் நிற்கிறாள். "என்னக்கா இம்புட்டு நேரம்? பயந்தே போயிட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஆத்திரம் தாங்கவில்லை அக்கா. இப்படி ஒரு கை அன்றைக்கு உன் கதவை அல்லவா தட்டியிருக்க வேண்டும்.