புறாக் கலர் சுவர்

எவ்வளவு சண்டை போட்டாலும் என்னை யாரிடமும் விட்டுக்கொடுக்காத என் சாந்தி அக்காவுக்கு,

உன் வீட்டு ஹாலுக்கு ஆரஞ்சு அடித்துவிட்டார்கள். மற்ற சேதியெல்லாம் சொல்லிவிட்டு இதை மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ பார்த்துப் பார்த்து அடித்த புறாக் கலர் போய்விட்டது. இப்போது ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக் கதவைத் திறந்தால் ஜூஸ் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

யார் வேலை என்று கேட்கிறாயா? வேறு யார், உன் நாத்தனார்தான். உன் தலைதிவசம் வருவதற்குள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று மண்ணச்சநல்லூரிலிருந்து வந்து இறங்கினார். கூடவே ஒரு வாஸ்துக்காரர். அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேற்குச் சுவரில் சாம்பல் நிறம் இருந்தால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்றாராம். உன் நாத்தனாருக்கு அது போதும். "சுடுகாட்டுக் கலர அடிச்சுக்கிட்டா. அதான் அவளையே கொண்டு போயிருச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதுதான் திறந்தார்?

சாம்பல் ஆகாதாம். காலையில் எழுந்ததும் அந்த அம்மா நெற்றி நிறையப் பூசிக்கொள்வது என்னவாம்? இரண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கும் பெருமாளை மேகவண்ணா என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாரே, அந்த மேகம் என்ன ஆரஞ்சு நிறமா? சாமிக்கு ஆகும், உன் சுவருக்கு மட்டும் ஆகாது.

நீ வேலை பார்த்த தில்லைநகர் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தப் பேச்சை நீ எத்தனை பேரிடம் கேட்டிருப்பாய். சாம்பல் நீலம் என்று சொன்னால் ஆள் பின்வாங்கிவிடுவார் என்று நீயே அதற்குப் புறாக் கலர் என்று பெயர் வைத்தாய். மேற்கு வெயில் விழும் அறைக்கு இதைவிட நல்லது கிடையாது, கண்ணுக்குக் குளிர்ச்சி, சின்ன ஹால்கூடக் கொஞ்சம் விலகி நின்று இடம் விடும் என்பாய். வெள்ளை ஜன்னலும் தேக்குக் கதவும் பித்தளை விளக்கும் அதன்மேல் தனியாக எடுத்துக்காட்டும் என்பாய். அதற்காக எல்லோர் தலையிலும் கட்டவும் மாட்டாய். வெயிலே வராத வடக்கு அறைக்கு யாராவது கேட்டால், வீடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும், வேண்டாம் என்பாய். சாப்பிடுகிற இடத்துக்கும் தர மாட்டாய். சாம்பார்கூட வெளிறித் தெரியுமாம்.

இந்த நிறத்தின்மேல் உனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று ஒருமுறை கேட்டேன். மார்கழிக் காலையில் பஸ் காவிரிப் பாலத்தின்மேல் போகும்போது ஆறும் வானமும் மலைக்கோட்டையும் ஒரே நிறமாக இருக்கும், அந்தப் பாலம் முடியும்வரை என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றாய். வீட்டில் மாமனாருக்கு, கடையில் கஸ்டமருக்கு என்று நாள் முழுக்கப் பதில் சொன்னவளுக்கு அந்த நிறம் ஓய்வு. அதைப் போய்ச் சுடுகாடு என்கிறார்கள்.

சரி, சுவர்தானே, தொலையட்டும் என்று விட்டிருப்பேன். உன் மகள் மட்டும் வந்து அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

போன வாரம் கயல் ஸ்கூல் விட்டதும் நேராக உறையூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. தோசை ஊற்றிக் கொடுத்தேன். பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாய்க்குப் போகவில்லை. உன் பெண் தோசையை ஒதுக்கி நான் பார்த்ததில்லை. என்னடி என்று அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"சித்தி, அந்தக் கலர அம்மா எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

கடைக்கு வருகிறவர்களுக்கு நீ சொல்லும் வழக்கத்தை வீட்டிலும் விடவில்லை போலிருக்கிறது. கலர் கார்டில் இருக்கும் குட்டிக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சுவரிலேயே பட்டை பட்டையாக அடித்து, காலையில் ஒருதரம், சாயங்காலம் விளக்கு போட்டு ஒருதரம் பார்க்க வேண்டும். அப்படி அடித்து வைத்துவிட்டு, வீட்டில் பேச்சு வரும் என்று பயந்து நீ க்ரீம் பக்கமே போனாயாம். கயல்தான் புறாக் கலர் பட்டையில் கை வைத்து, "இதும்மா" என்றாளாம். ஆசை உன்னுடையது, சொன்ன வாய் அவளுடையது. அத்தை பேசப் பேச, அம்மாவைக் கொன்றது தன் கைதான் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டு, அதே ஹாலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அக்கா.

அவளை இழுத்துக்கொண்டு அப்படியே ஆட்டோ ஏறினேன். உன் ஹாலில் அத்தான் ஃபேனுக்கு அடியில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுச் சுவரில் மேற்கு வெயில் இறங்கி அடுப்பு மாதிரி இருந்தது. உன் நாத்தனார் காப்பி கலக்கப் போனார். எனக்கு வேண்டாம் என்றேன். உட்காரவும் இல்லை.

நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமை கயல் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தாடை வலிக்கிறது, கை வலிக்கிறது என்று வேர்த்துக் கொட்டி நீ இதே ஹாலில் உட்கார்ந்தாய். கேஸ் என்று சொல்லி அத்தான் ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நீயே வாய்விட்டுக் கேட்டபோது, ராகு காலம் முடியட்டும், வாசலைத் தாண்ட வேண்டாம் என்றார் அன்றைக்கும் வந்திருந்த உன் நாத்தனார். அது முடிந்து, வண்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் நீ முடிந்துபோனாய். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அத்தானே இதை என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. நேரம் பார்த்தார்கள், சுவரின் நிறம் பார்த்தார்கள். உன் முகத்தின் நிறத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

"அன்னிக்கு அக்கா மொகம் எப்படி இருந்துச்சுன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க அத்தான்" என்றேன்.

போனவளைப் பற்றி இப்போது எதற்கு என்று உன் நாத்தனார் குறுக்கே வந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கயல் எதற்காக உறையூருக்கு ஓடி வந்தாள், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டுக் கயலைப் பார்த்தார்.

"வெளுத்துப் போயி இருந்துச்சும்மா. நான் கேஸுன்னு இருந்துட்டேன். கூட்டிட்டுப் போயிருக்கணும். கலருக்கும் அம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல கயலு. நீ ஒண்ணும் பண்ணல."

கயல் அழவில்லை. "இத ஏம்ப்பா இவ்ளோ நாளா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, உன் நாத்தனார் உள்ளே போய்விட்டார்.

அத்தான் சொல்லிவிட்டார் என்பதால் நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ இருந்தால், "விடு செல்வி, பாவம்" என்பாய். எல்லோரையும் பாவம் பாவம் என்றுதான் நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ராகு காலம் முடியட்டும் என்றதும் சரி என்று உட்கார்ந்துவிட்டாயா? எனக்கு ஒரு போன் போடக்கூடாதா? உன்மேலும் எனக்குக் கோபம்தான்.

கயல் லீவுக்கு இங்கே வந்திருக்கிறாள். எங்கள் ஹாலும் மேற்குப் பார்த்ததுதானே. உன் கடையிலிருந்து சின்னச் சின்ன டப்பாவாக வாங்கி வந்து, சுவரில் பட்டை பட்டையாக அடித்து வைத்திருக்கிறாள். மற்றதெல்லாம் சரசரவென்று அடித்தாள். புறாக் கலர் வந்தபோதுதான் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதையும் அடித்தாள். காலையில் ஒருதரம் பார்த்தாயிற்று. சாயங்காலம் விளக்கு போட்டு இன்னொருதரம் பார்க்க வேண்டும்.

உன் தலைதிவசத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தச் சுடுகாட்டுப் பேச்சும் அவர்களோடு வரும். உன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்ய இப்போது நீ இல்லை; என் தலைமேல் அடித்துச் செய்கிறேன். கயல் காதுபட யாராவது அந்தக் கலரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பந்தி நடுவில் நின்று முதலிலிருந்து சொல்வேன். அதற்கு நேரம் காலம் பார்க்க மாட்டேன்.

உன் வாயாடித் தங்கை,
செல்வி