நண்டுக்காரியாக வரிசையில் நின்றவளுக்கு

மச்சாள்,

நாவற்குடா வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பேத்தியும் அவளோடு படிக்கிறவர்களும். பல முகம் வைத்த தாயக்கட்டைகளை உருட்டுகிறார்கள். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறி அந்தக் கதைக்குள் நடக்கிறார்கள். பேத்தி ஒரு சூனியக்காரி. கட்டை உருண்டு நின்றபோது சூனியக்காரியின் ஊர் எரிந்துபோனதாம். அவள் கண்ணிலிருந்து உண்மையாகவே தண்ணீர் வந்தது.

"ஏய், விளையாட்டுத்தானேடி" என்றான் ஒருவன்.

"பேசாம இரு. நான் இப்ப நானில்ல" என்றாள் அவள்.

அந்தப் பேச்சைக் கேட்டபின் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. அறைக்குள் வந்து உனக்கு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பொறுத்துக்கொள்.

சண்டைக் காலம். ஆமியின் ஹெலி சுற்றுகிற பகல்களில் வாவிக்கு இந்தப் பக்கம், நம் படுவான்கரையில் யாரும் வெளியே தலைகாட்டுவதில்லை. நீதான் உன் வீட்டுச் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கட்டம் கீறி, சோகிச் சோழிகளை நடுவில் கொட்டி, அந்த விளையாட்டை உண்டாக்கினாய். எறிய முதல் ஒவ்வொருத்தியும் வேறொரு ஆளாக மாற வேண்டும். சோகி என்ன சொல்கிறதோ அது அந்த ஆளுக்கு நடக்கும். தோணி கவிழும், மாடு காணாமல் போகும், லொத்தர்ச் சீட்டு விழும். இடையில் சொந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவள் எல்லார் வீட்டுச் சட்டியும் கழுவ வேண்டும்.

நீ வயற்காரப் போடியாராக மாறிய நாள் நினைவிருக்கிறது. உன் புருசனின் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாய். "வட்டைக்குத் தண்ணி பாய்ச்சாம இஞ்ச என்னடி செய்யிறாய்? நெல்லு ஆகாயத்திலருந்தா விழும்?" நான் உண்மையாகவே எழுந்து மண்வெட்டியைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து உன் தாய் குசினியிலிருந்து, "மகள், பால் பொங்குதுகா!" என்றார். நீ அசையவில்லை. "ஆர்ரா அது, போடியாரை மகள் எண்டு கூப்பிடுறது?" என்றாய். பால் கருகி வீடெல்லாம் மணத்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒரேயொரு சட்டம் வைத்திருந்தாய். "பேர மாத்துங்க, ஊர மாத்துங்க, ஆம்பிளையாகவும் மாறுங்க. குடிய மட்டும் மாத்தப்படாது. அது பெத்தவ தந்தது." அதை யாரும் மறுக்கவில்லை. தாய்வழியாகப் பிள்ளைக்கு வருகிற குலத்தை, குடியை, இந்த மண்ணில் விளையாட்டுக்கும் யாரும் பொய்யாகச் சொல்வதில்லை. பதினாறு வயது வதனியும் எங்களோடு இருந்து கேட்டாள். உன் மகள் அல்லவா, சொன்னதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்வாள்.

உன் மூத்தவன் இயக்கத்துக்குப் போனான். அவன் பெயர் ஆமிக்குத் தெரிந்துவிட்டது. வாவியைக் கடக்கிற தோணித் துறையில் அவனுடைய தாயையும் மகளையும் சேர்த்துத் தேடுகிறார்கள் என்று கதை வந்தது. வதனியை எப்படியும் அக்கரையில் உள்ள ரவுனுக்குக் கடத்திவிட வேண்டும் என்றாய். தாயும் மகளுமாக வந்தால்தானே பிடிப்பார்கள். அதனால் நான் வதனிக்குத் தாய், நீ யாரோ ஒரு நண்டுக்காரி.

நாங்கள் போன மறுநாள் நீ தனியாக வா என்றேன். கேட்கவில்லை. பிள்ளை கரையேறுவதைக் கண்ணால் காண வேண்டும் என்றாய்.

அதே சீமெந்தில் வைத்துப் பழக்கினாய். நீயே ஆமிக்காரன், நீயே நண்டுக்காரி. வாய் தவறி உன்னை அம்மா என்றபோதெல்லாம் வதனியின் கன்னத்தில் அறைந்தாய். "ஆரடி உனக்கு அம்மா? நான் நண்டு விக்க வந்தவ." நான் தடுத்தேன். "நீ சும்மா இருகா. இஞ்ச நான் அடிச்சா வீங்கும், அங்க அவன் பிடிச்சா முடிஞ்சுது" என்றாய். பின்னேரம் ஆகும்போது பிள்ளை உன்னைக் கண்டு ஒதுங்கி நின்றாள். உனக்குத் திருப்தி.

துறையில் மண்மூட்டைக்குப் பின்னால் ஆமிக்காரனும், அவனுக்குப் பக்கத்தில் முகத்தைத் துணியால் மூடிய தமிழன் ஒருவனும் நின்றார்கள். பேச்சிலேயே நம்முடைய பக்கத்து ஆள் என்று தெரிந்தது.

"இவ ஆர்?" என்றான் முகம் மூடியவன்.

"என்ர மகள்."

"என்ன குடி?"

என் குடியைச் சொன்னேன். அவன் வதனியைத் தள்ளிக் கூட்டிப்போய் அதையே கேட்டான். வயது, பள்ளிக்கூடம், தகப்பன் பெயர் எல்லாம் பழக்கியிருந்தோம். இதைப் பழக்கவில்லை. பிள்ளை உன் சட்டப்படி உன் குடியைச் சொன்னாள்.

அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "தாய்க்கொரு குடி, மகளுக்கொரு குடியோ? எந்த ஊர்ப் புதினம்கா இது?"

அப்போதுதான் வரிசையில் நண்டுக் கூடையோடு பின்னால் நின்ற உன் குரல், விலை பேசுகிறவள் மாதிரி.

"ஐயா, அந்தப் புள்ளையப் பெத்தவ எப்பயோ செத்துப்போயிட்டா. இவ எடுத்து வளத்தவ. புள்ள பெத்தவட குடியச் சொல்லாம வேற என்னத்தச் சொல்லும்? நான் இவட வீட்டுக்கு நண்டு குடுக்கிறவ, எனக்குத் தெரியாதா?"

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவன் நம்பிவிட்டான். எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பிறகு உன் பக்கம் திரும்பினான்.

"உனக்கு நல்ல வாய். எடு பாப்பம் அடையாள அட்டைய."

பெயரை வாசித்தான். துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வாசித்தான். ஆமிக்காரனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நடக்கத் தொடங்கிய எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, வதனியின் நாடியைப் பிடித்து முகத்தை உன் பக்கம் திருப்பினான்.

"இவளத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் வதனி.

"நண்டுக்காரி. நிறையில ஏமாத்துறவ."

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. உன் இரண்டு கையையும் பின்னால் பிடித்திருந்தார்கள். நீ தலையை மட்டும் திருப்பி, "வாய்க்கொழுப்பப் பாரு. உனக்கு இனி நண்டு இல்லடி" என்றாய்.

பெற்ற பிள்ளையிடம் நீ கடைசியாகச் சொன்னது அதுதான்.

கீழே கிடந்த உன் கூடையைக் கொண்டுபோகச் சொல்லி ஆமிக்காரன் காலால் எங்கள் பக்கம் தள்ளினான். வதனிதான் சுமந்தாள். ரவுனில் சொந்தக்காரர் வீட்டில் அந்த நண்டைக் கறியாக்கினார்கள். பிள்ளை சாப்பிட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "உப்புக் காணாது, அம்மா" என்றாள். அங்கே எங்களை யாரும் சோதிக்கவில்லை, மச்சாள்.

முகாம் வாசலில் எத்தனையோ தரம் போய் நின்றேன். அப்படி ஒருத்தி வரவேயில்லை என்றார்கள். உன் மூத்தவன் அதற்கு முன்பே சண்டையில் செத்துவிட்டான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. செத்தவனுக்காக உன்னைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சண்டை முடிந்தபின் காணாமல் போனவர்களைப் பதிய வரச் சொன்னபோது வதனியைக் கூப்பிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஆரப் பதியிறதுக்கு? என்ர அம்மா நீங்க இருக்கிறிங்கதானே."

கோபமில்லை. அழுகையுமில்லை. சும்மா சொன்னாள்.

உன் பிள்ளையை நான் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் ரீச்சர்; மேசையில் அழுத சூனியக்காரி அவள் மகள்தான். நடையும் பேச்சும் என்னைப் போல என்று ஊர் சொல்கிறது. கேட்க எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் அவள் வாசலில் வந்து நின்று "அம்மா" என்று கூப்பிடும்போது, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நீ என்பது எனக்குத் தெரியும். நீ எங்கிருந்தோ "ஓம் மனே" என்று மகளுக்குப் பதில் சொல்ல வாய் திறந்துவிடுவாயோ, திறந்தால் அவளைப் பிடித்துவிடுவார்களோ என்று இன்றைக்கும் எனக்குப் பயம். அதனால் உன்னை முந்திக்கொண்டு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.