எக்காளம் அல்ல, என் மனைவி

பெரித்தியோஸ் மாதம், 8
கூரை ஒழுகுகிறது. கர்த்தர் வரப்போகும் உலகத்தில் ஓடு மாற்றுவது அவிசுவாசம் என்று தெசலோனிக்கே சபையார் சென்ற ஆண்டு முடிவெடுத்தோம். முன்மொழிந்தவன் நான். நிறைமாத மனைவி ஸோசிமே ஒழுகாத மூலையில் படுத்திருக்கிறாள். மூலை சிறியது.

பெரித்தியோஸ், 12
சபையில் அப்போஸ்தலரின் கடிதத்தை வாசித்தேன். வாசிப்பது என் பொறுப்பு. கர்த்தர் வரும் நாள், கர்ப்பிணிக்கு நோவு எடுப்பதுபோல் திடீரென்று வரும் என்கிற இடம். ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலைகளும். சதுக்கத்து நீர்க்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் ஸோசிமேயின் வயிற்றைப் பார்த்தார்கள்.

மூப்பர் அந்திகோனோஸ் வாசலில் என் கையைப் பிடித்தார். "நோவு எடுத்ததும் ஆள் அனுப்புப்பா. நாங்க தயாரா நிக்கணும்ல?"

"அண்ணே, அது உவமை."

"உவமைன்னா சும்மாவா எழுதுவாங்க?"

ஸோசிமே வழியெல்லாம் மேலாடையால் வயிற்றை மூடிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும், "ஊரே என் வயித்தப் பாக்குது. ஆண்டவர் வர்றத ஊதிச் சொல்ல நான் என்ன எக்காளமா?"

பெரித்தியோஸ், 13
மருத்துவச்சி பிலிஸ்தா எங்கள் சபைதான். வருவாயா அக்கா என்று கேட்டேன்.

"அன்னிக்கு எப்படிப்பா? பட்டணத்து மேற்கு வாசலுக்கு வெளிய நின்னு ஆண்டவர வரவேற்கணுமே. நீயே பாத்துக்க. வெந்நி வைக்கத் தெரியும்ல?"

மற்ற மருத்துவச்சிகள், பிரசவ தேவதைக்குப் பலி வைக்காத வீட்டுப் படி ஏற மாட்டார்கள். எனக்கு வாசிக்கத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

பெரித்தியோஸ், 26
பயம். "மாரநாதா — ஆண்டவரே, வாரும்" என்று எல்லோரும் சொன்னபோது வாயை மட்டும் அசைத்தேன்.

டிஸ்த்ரோஸ் மாதம், 3
விடிந்ததும் நோவு. ஆள் அனுப்பவில்லை, அவள் அலறியதே தெருவுக்குப் போதுமாயிருந்தது. வெள்ளை உடுத்திக்கொண்டு எல்லோரும் மேற்கு வாசலுக்கு ஓடினார்கள் — பிலிஸ்தாவும்! ரத்தம். இவ்வளவு வருமா? வெந்நி கொதிக்குது, அத வச்சு என்ன பண்ணணும்? ஆண்டவரே, இப்ப வராதீங்க. இல்ல, வாங்க. யாராவது வாங்க.

டிஸ்த்ரோஸ், 4
நேற்று உச்சிவேளையில் பிலிஸ்தா உள்ளே நுழைந்தாள். வெள்ளை அங்கி முழங்கால்வரை சேறு. "அங்க யாரும் வரல. இங்க தலை வந்துருச்சா?" பதிலுக்குக் காத்திராமல் கையைக் கழுவினாள்.

பெண். இருவரும் தூங்குகிறார்கள்.

டிஸ்த்ரோஸ், 20
அந்திகோனோஸ் ஏணியோடு வந்தார், என் முகத்தைப் பார்க்காமல். பின்னால் ஓடு வேய்பவர், வண்டி நிறைய ஓடு.

"எத்தன வருஷம் தாங்கணும்?" என்றார் ஓடு வேய்பவர்.

மூப்பர் என்னைப் பார்த்தார். நான் ஸோசிமேயைப் பார்த்தேன்.

"நல்லதாவே போடுங்க," என்றாள், பிள்ளையைத் தோளுக்கு மாற்றியபடி. "ஆண்டவரே வந்தாலும் நனையக் கூடாதுல்ல."