நூற்று நாற்பத்தாறு நாட்கள்

சியோல், ஜூன் 3, 1999

இன்று எடிட்டிங் வேலை இல்லை. சினிமாக்காரர்கள் சார்பில் திரையரங்கக் கண்காணிப்புக்குப் போனேன். ஆண்டுக்கு நூற்று நாற்பத்தாறு நாள் கொரியப் படம் ஓட்ட வேண்டும் என்பது சட்டம். வாசலில் எங்கள் படத்தின் சுவரொட்டி. உள்ளே ஓடியது ஹாலிவுட் படம். மேலாளர் இளித்தார்: "ஒரு நாள்தானேம்மா!"

"முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க." எழுதிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 6

தம்பி சங்-ஹ்யோக் சாப்பிட வந்தான். வர்த்தக அமைச்சகத்தில், அமெரிக்காவோடு முதலீட்டு ஒப்பந்தம் பேசும் குழுவில் இருக்கிறான். அந்த நூற்று நாற்பத்தாறு நாட்களைக் குறைக்கச் சொல்லி அமெரிக்கர்கள் நெருக்குகிறார்களாம்.

"அத்தானுக்கு பேங்க் வேலை போய் ஒன்றரை வருசமாச்சு. முதலீடு வந்தாத்தான வேலை வரும்? உன் சினிமாவுக்காக எல்லாம் நிக்கணுமா அக்கா?"

நான் வாய் திறக்குமுன் என் கணவர்: "என் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போடாதீங்க மாப்ளே. போனது வேலைதான், படம் பாக்குற கண்ணு இல்ல."

தம்பி சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஆனால் — கார் எங்கே செய்தாலும் கார். எங்கள் மொழியில் ஒருத்தி சண்டை போடுவதை வேறு யார் எடுப்பார்கள்?

ஜூன் 15

நாட்களைக் குறைப்பதை எதிர்த்து நாளை சினிமாக்காரர்கள் ஊர்வலம்; அதில் தலையை மழிக்கிறோம். பயமில்லை. காது பெரிதாகத் தெரியுமே என்றுதான் கவலை.

ஜூன் 17

தம்பி தொலைபேசியில் கத்தினான். "எங்க மேலதிகாரி மேசைல உன் மொட்டைத்தலை போட்டோ கிடக்கு! மானத்தை வாங்கிட்டியே!"

"நல்லா இருக்கேனா?"

வைத்துவிட்டான்.

ஜூன் 29

அவனே அழைத்தான். "நாளைக்கு அமைச்சகத்துக்கு வா. உங்க பக்கத்தையும் கேக்கணும். நான் சொன்னா எடுபடாது. நீயே சொல்லு."

ஜூன் 30

ஓர் அதிகாரி கேட்டார்: "நல்ல படம்னா தானா ஓடாதா?"

"ஓடும் சார், ஓட விட்டா. போன வருசம் அரங்கம் நிறைஞ்ச எங்க படத்தை ஏழாம் நாள் தூக்கினாங்க. ஒரு பெரிய படம் வேணும்னா கூடவே தன்னோட பத்துப் படத்தையும் வாங்கி ஓட்டணும்னு வெளிநாட்டு விநியோகஸ்தர் தியேட்டர்காரங்ககிட்ட சொன்னாராம். அந்தப் பத்துக்கு எங்க இடம்தான் போச்சு."

தம்பி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 21

அமெரிக்காவோடு பேச்சுவார்த்தை இந்த நாட்கள் விஷயத்தில் முட்டி நின்றுவிட்டது. நாட்கள் அப்படியே இருக்கின்றன. தம்பியை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதைப்பற்றிப் பேசாமல், முதன்முறையாக என் எடிட்டிங் அறைக்கு வந்து உட்கார்ந்தான். நான் தொகுத்துக்கொண்டிருந்த படத்தின் மூன்றாம் ரீலில், மீன் விற்பவள் வாடிக்கையாளரைத் திட்டும் இடத்தில் வெடித்துச் சிரித்தான்.

"அக்கா, அப்படியே பூசான்ல இருக்குற நம்ம அத்தை!"

நீளம் அதிகம் என்று அதை வெட்டுவதாக இருந்தேன். வெட்டவில்லை.