ஸாதியா கடதாசி வெட்டுகிறாள்

2025 பெப்ரவரி 3
கட்டாரிலிருந்து வந்து ஒரு கிழமை ஆகப்போகிறது. ஸாதியா இன்னும் என்னிடம் வரவில்லை. வயிற்றில் இருக்கும்போது விட்டுப்போன பிள்ளை. இப்போது நான்கு வயது. "வாப்பாட்ட போங்க மகள்" என்றாள் மனைவி நிஸ்றா. பிள்ளை மேசையில் கிடந்த போனைக் காட்டினாள். "வாப்பா அதுக்குள்ள."
நிஸ்றா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடியில் போய் நின்றேன்.

பெப்ரவரி 6
நேர்சரி விட்டு அழுதுகொண்டு வந்தாள். றஸீனா டீச்சர் வாசலில் சொன்னார்: "மத்தப் புள்ளைகள் கடதாசி வெட்டுதுகள். இவக்கு கத்தரிக்கோல் பிடிக்க வருதில்ல. வீட்ட கொஞ்சம் பழக்குங்க."
ஓட்டமாவடிக் கடைகளில் தேடி, நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கினேன்.

பெப்ரவரி 7
பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுத் தாயிடம் ஓடினாள். "அந்த ஆள் வேணாம்!"
அந்த ஆள்.

பெப்ரவரி 10
இன்று தொடவே இல்லை. பாயில் எதிரே இருந்து என்பாட்டுக்கு வெட்டினேன். பழைய கலியாணக் காட், தடித்த அட்டை, வளையாது. ஒரே வெட்டில் துண்டு விழட்டும் என்று ஒடுக்கமாகக் கிழித்து வைத்திருந்தேன். கத்தரிக்கோலை விரித்துக் காட்டினேன்: "முதலை வாயத் திறக்குது... கடிக்குது!"
மெல்ல நகர்ந்து வந்தாள். கத்தரிக்கோலை வாங்கினாள், இரண்டு கையாலும். பெருவிரல் கீழே கிடந்தது. "பெருவிரல் மேல இரிக்கணும் மகள்." திருப்பிப் பிடித்தாள். நான் அட்டையை மட்டும் பிடித்தேன். துண்டு விழுந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் பார்த்ததே இல்லை.

பெப்ரவரி 13
வீடெல்லாம் கடதாசிக் குப்பை. நிஸ்றா எங்கள் இரண்டு பேரையும் ஏசுகிறாள்.

பெப்ரவரி 17
கோட்டில் நேராக வெட்டுகிறாள். ஆனால் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்ச", "பாருங்க" — அவ்வளவுதான். எனக்குப் பேராசையோ?

பெப்ரவரி 22
முற்றத்தில் நின்றேன். உள்ளே நிஸ்றாவின் கூச்சல். "யா அல்லாஹ்! என்ன புள்ள இது!"
ஸாதியா தன் முன்முடியை நெற்றியோடு ஒட்ட வெட்டியிருக்கிறாள்! தாய் கையை ஓங்க, பிள்ளை ஓடிவந்து என் சாரனைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.
"வாப்பா, உம்மா அடிக்கப் போறா!"
நிஸ்றாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள்.
"அடிக்க மாட்டா மகள்" என்றேன்.

பெப்ரவரி 23
மிச்ச முடியைச் சமமாக்கச் சொன்னாள் நிஸ்றா. ஸாதியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் மடியில் அசையாமல் இருந்தாள். சீப்பை வைத்து மெதுவாக வெட்டினேன்.
"முடிஞ்சா வாப்பா?"
"இன்னும் கொஞ்சம் மகள்."
முடிந்துதான் இருந்தது.